ஃப்ரீஸருக்குள் ஒரு பழக்காலம்

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் சென்னையின் பெரிய சிக்னல்களிலும் கோவை, மதுரைப் பழக்கடை வாசல்களிலும் ஸ்ட்ராபெர்ரி டப்பாக்கள் அடுக்கடுக்காக ஏறிவிடும். மேல்வரிசைப் பழம் பளபளவென்று சிவந்திருக்கும். அடிவரிசையை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஒரு டப்பா கேட்டுப் போனவர் பேரம் படிந்த சந்தோஷத்தில் மூன்றோடு வீடு திரும்புவார். அன்று மாலைக்குள் ஒன்று காலி. மற்ற இரண்டும் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டுக்குப் போகும். மூன்றாம் நாள் ஒரு பழம் நீர் விட்டிருக்கும். நாலாம் நாள் அதன்மேல் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்து, பக்கத்துப் பழத்தையும் தொட்டிருக்கும். அப்போதுதான் வீட்டில் யாராவது சொல்வார்கள்: "மிச்சத்தைத் தூக்கி ஃப்ரீஸர்ல வை, வீணாகாது."

வீணாகத்தான் செய்யும். ஃப்ரீஸர் எதையும் சீராக்கித் தருவதில்லை. உள்ளே என்ன போகிறதோ, ஆறு மாதம் கழித்து அதுவேதான் வெளியே வரும், அதுவும் கொஞ்சம் குறைந்த நிலையில். சோர்ந்துபோன பழத்தை வைத்தவருக்குச் சோர்ந்த பழம்தான் கிடைக்கும். பழத்தை உறைய வைத்துப் பார்த்து, "கொழகொழவென்று ஆகிவிட்டது, இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று கைவிட்டவர்களில் பெரும்பாலோர் செய்த தவறு, கெடப்போகும் பழத்தை அங்கே அனுப்பியதுதான். வாங்கியதில் சிறந்ததை, வாங்கிய அன்றே உள்ளே வைக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

பறித்த நொடியிலிருந்து

நம் ஊருக்கு வரும் ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில், மகாபலேஷ்வர், பஞ்ச்கனி மலைப்பகுதியில் விளைவது. நாட்டின் விளைச்சலில் சுமார் 85 சதவீதம் அந்த ஒரு வட்டாரத்தினுடையது. 2010இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மழைக்காலம் ஓய்ந்ததும் மண்ணை மேடுகட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்து, சொட்டுநீர்க் குழாய் இழுத்து நாற்று நடுகிறார்கள். நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ முதல் பறிப்பு. மார்ச், ஏப்ரல் வரை அது தொடரும். 2017இல் நாட்டின் முதல் புத்தக கிராமமாக அறிவிக்கப்பட்ட பிலார் அந்த மலையில்தான் இருக்கிறது. வீடுகளுக்குள் நூலகம், வாசலைத் தாண்டினால் ஸ்ட்ராபெர்ரி வயல். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைவது அளவில் குறைவு. ஆனால் நமக்குப் பக்கம் என்பதால் பழத்தின் வயதும் குறைவு.

வயதுதான் இங்கே எல்லாம். மாம்பழத்தையும் வாழையையும் காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைக்கலாம். ஸ்ட்ராபெர்ரி அப்படிப்பட்டதல்ல, செடியை விட்டுப் பிரிந்த நொடியில் அது பழுப்பது நின்றுவிடும். காம்பருகே வெளுத்திருக்கும் பழம் ஒரு வாரம் வைத்தாலும் இனிக்காது; நிறம் வேண்டுமானால் சற்றுக் கூடும். பறித்தபின் அதற்கு நடப்பதெல்லாம் இறக்கம்தான். நம் ஊர் வெக்கையில் ஒரே நாளில் தளர்ந்துவிடும். பறித்த உடனே பூஜ்ஜியம் டிகிரிக்குக் குளிர்வித்துக் காத்தாலும் ஒரு வாரம், பத்து நாள் தாங்கினால் பெரிது. மகாபலேஷ்வரிலிருந்து சென்னைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கடையில் நாம் தொடும்போதே அதன் ஆயுளில் பாதி லாரியில் கழிந்திருக்கும்.

அந்தச் சாம்பல் பஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்ரைடிஸ் என்னும் பூஞ்சை அது. பெரும்பாலும் பூக்கும்போதே செடியில் தொற்றி, பழத்துக்குள் ஒளிந்து நம்மோடு வீட்டுக்கு வருகிறது. பூஜ்ஜியம் டிகிரியிலும் மெல்ல வளரக்கூடியது என்பதால் ஃப்ரிட்ஜின் குளிரால் அதைத் தாமதப்படுத்தத்தான் முடியும். ஃப்ரீஸரின் கடுங்குளிரில்தான் அது அசையாமல் நிற்கும். ஃப்ரிட்ஜில் வைத்து நாள்பார்ப்பதைவிட முதல் நாளே உறைய வைப்பது மேல் என்பதற்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

வாங்குவதற்கு எந்தக் காலம் நல்லது? உறைய வைப்பதற்கென்றால் நான் பருவத்தின் பிற்பகுதியைச் சொல்வேன். டிசம்பரின் பெரிய பழம் பார்வைக்கு அழகு, விலையும் அதிகம். அது அப்படியே தின்பதற்கு. மார்ச்சில் மலையில் வெயில் ஏற ஏறப் பழம் சிறுக்கும், விலை இறங்கும். கடைக்குப் போகாத பழம் கூழாகவும் ஜாமாகவும் ஆலைகளுக்குப் போகும். பஞ்ச்கனியில் 1959இல் தொடங்கிய மேப்ரோ போன்ற நிறுவனங்கள் வளர்ந்தது இப்படித்தான். ஆலைகள் செய்கிற அதே காரியத்தை நாமும் சின்ன அளவில் செய்யலாம். அளவில் சிறியதாக இருந்தாலும் காம்புவரை சிவந்த பழம் ஃப்ரீஸருக்கு அருமையாகப் பொருந்தும், விரைவாகவும் உறையும்.

லாப்ரடாரில் ஒரு பாடம்

இன்று நாம் அறிந்த உறைந்த உணவின் வரலாறு ஒரு நரித்தோல் வியாபாரத்தில் தொடங்குகிறது. 1912இல் கனடாவின் கிழக்கோரத்தில் இருக்கும் லாப்ரடாருக்கு நரி ரோமம் தேடிப் போனவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. அங்கே இன்யூட் மக்கள் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடித்தார்கள். வெளியே இழுத்த மீன் மைனஸ் 40 டிகிரிக் காற்றில் கண்ணெதிரே விறைத்தது. மாதங்கள் கழித்து அதை உருக்கிச் சமைத்தால் அன்று பிடித்த மீன்போலவே இருந்தது. கடும்பனிக்காலத்தில் உறைந்த இறைச்சி நன்றாக இருக்க, குளிர் குறைந்த மாதங்களில் மெதுவாக உறைந்தது ருசி கெட்டிருப்பதையும் அவர் கவனித்தார். எவ்வளவு குளிர் என்பதோடு எவ்வளவு வேகம் என்பதும் முக்கியம் என்று அவருக்குப் புரிந்தது அங்கேதான். ஊர் திரும்பி, குளிரூட்டிய உலோகத் தகடுகளுக்கிடையே உணவை அழுத்தி விரைவாக உறைய வைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1930 மார்ச் 6 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அவருடைய உறைந்த பொருட்கள் விற்பனைக்கு வந்தன. இறைச்சி, மீன், பட்டாணி, கீரையோடு பெர்ரிப் பழங்களும் அந்த முதல் வரிசையில் இருந்தன.

ஏன் வேகம்? ஸ்ட்ராபெர்ரியில் 91 சதவீதம் தண்ணீர். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். மைனஸ் 1 டிகிரிக்கும் மைனஸ் 5 டிகிரிக்கும் நடுவில்தான் பழத்திலுள்ள தண்ணீரில் பெரும்பகுதி பனிக்கட்டியாக மாறுகிறது. இந்த இடைவெளியைப் பழம் மெதுவாகக் கடந்தால் பனித்துகள்கள் நிதானமாகப் பெருத்து, கூர் தீட்டி, செல்சுவர்களைக் கிழித்துவிடும். விறுவிறுவென்று கடந்தால் துகள்கள் பொடிப்பொடியாக நின்றுவிடும், சேதம் குறைவு. உருக்கியபின் தட்டில் தேங்கும் சிவப்புச் சாறு கிழிந்த செல்களிலிருந்து வடிந்ததே.

வீட்டு ஃப்ரீஸரால் ஆலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் உருகிய ஸ்ட்ராபெர்ரி கடித்துத் தின்னும் பழமாகத் திரும்பி வராது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. ஆனால் மணம், நிறம், புளிப்பும் இனிப்பும் கலந்த அந்த ருசி, பெருமளவு சத்து எல்லாம் நிற்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2015இல் ஸ்ட்ராபெர்ரி, ப்ளூபெர்ரி உட்பட எட்டு வகைக் காய்கனிகளை ஒப்பிட்டார்கள். வைட்டமின் சி-யைப் பொறுத்தவரை உறைந்தவை ஃப்ரிட்ஜில் வைத்தவற்றுக்குக் குறைந்திருக்கவில்லை. சிலவற்றில் கூடுதலாகவே இருந்தது. ஐந்து நாள் ஃப்ரிட்ஜில் வதங்கிய பழம்தான் 'ஃப்ரெஷ்' என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வேலை ஒரு மணி நேரம்

முதலில் பழத்தைத் தட்டில் கொட்டிப் பிரியுங்கள். நசுங்கியதும் நீர் விட்டதும் இன்றைக்கே மில்க் ஷேக்குக்கு. பஞ்சு பிடித்தது குப்பைக்கு. கெட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியை வைக்கும் சிக்கனம் இங்கே வேண்டாம். காம்புவரை சிவந்து, விரலுக்குக் கெட்டியாக இருப்பது மட்டும் ஃப்ரீஸருக்கு.

கழுவும்போது காம்பைக் கிள்ளக் கூடாது. கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியாகப் பழம் தண்ணீர் குடித்துவிடும். பாத்திரத்தில் ஊற வைப்பதும் அதே கெடுதலைத்தான் செய்யும். வடிதட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, குடிக்கத் தகுந்த தண்ணீரை மேலே ஓடவிட்டுக் கழுவி, சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, ஃபேன் காற்றில் ஈரம் முழுவதும் போகவிடுங்கள். இந்தக் கட்டத்தில்தான் பலருக்கும் பொறுமை போகிறது. ஒட்டியிருக்கும் ஒவ்வொரு சொட்டும் பனியாகிப் பழத்தைப் பழத்தோடு ஒட்டிவிடும் என்பதை நினைத்துக் காத்திருங்கள். காய்ந்த பிறகு சிறு கத்தியால் காம்பை நீக்கலாம். பெரிய பழம் என்றால் இரண்டாக வெட்டுங்கள்; மெல்லியது விரைவாக உறையும்.

இனி ஒரு தட்டு. எவர்சில்வரோ அலுமினியமோ இருந்தால் நல்லது; உலோகம் சூட்டைச் சட்டென்று கடத்தும், பிளாஸ்டிக் கடத்தாது. பட்டர் பேப்பர் விரித்து, ஒன்றையொன்று தொடாமல் ஒரே வரிசையாகப் பரப்பி, ஃப்ரீஸரின் அடியோடு ஒட்டினாற்போல் வையுங்கள். 'ஃபாஸ்ட் ஃப்ரீஸ்' வசதி இருந்தால் சில மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். மாலையில் வைத்தால் காலையில் பழம் கல்லாகியிருக்கும். உடனே ஜிப் லாக் கவரில் கொட்டி, காற்றை வெளியே அழுத்தி மூடி, தேதி எழுதித் திரும்ப உள்ளே தள்ளுங்கள். கவரில் போட்டு உறைய வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு சிவப்புச் செங்கல்; தட்டில் உறைய வைத்துக் கவரில் போட்டால் வேண்டும்போது ஒரு கைப்பிடி மட்டும் எடுக்கலாம். முழு வித்தையும் இதுதான்.

ஒரே நாளில் எவ்வளவு வைக்கலாம்? ஃப்ரீஸரின் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 30 முதல் 45 கிராம் வரை. 15 லிட்டர் ஃப்ரீஸர் உள்ள சிறிய ஃப்ரிட்ஜில் ஒரு நாளுக்கு அரை கிலோ. அதற்கு மேல் திணித்தால் உள்ளே இருப்பதும் சூடேறும், புதிதாக வைத்ததும் மெதுவாகவே உறையும். மூன்று கிலோ மலிவாகக் கிடைத்தால் உறவினர் இரண்டு பேரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஜாமுக்கோ ஐஸ்கிரீமுக்கோ என்று முன்பே முடிவு செய்திருந்தால் இன்னொரு வழி உண்டு. ஒரு கிலோ பழத்துக்குக் கால் கிலோ சர்க்கரை போட்டு மெல்லப் புரட்டி, கால் மணி நேரத்தில் சாறு விட்டுச் சர்க்கரை கரைந்ததும் டப்பாவில் அடைத்து உறைய வைப்பது. சர்க்கரை காற்றைத் தடுத்து நிறத்தையும் மணத்தையும் நன்றாகக் காக்கும். டப்பாவின் வாய்வரை நிரப்பாதீர்கள். பருக்கும் 9 சதவீதத்துக்கு மேலே ஒரு விரற்கடை இடம் தேவை.

ப்ளூபெர்ரிக்கு மட்டும் நியதி தலைகீழ்: கழுவாமல் உறைய வையுங்கள், எடுத்துப் பயன்படுத்தும்போது கழுவுங்கள். கழுவி உறைய வைத்தால் தோல் தடித்துப் போகிறது. அதன்மேல் இருக்கும் வெண்பூச்சு மருந்து அல்ல, பழமே சுரக்கும் மெழுகு. பெருவிலிருந்தும் சிலியிலிருந்தும் கப்பலும் விமானமும் ஏறி வந்து சின்ன டப்பாவில் பெரிய விலைக்கு விற்கும் பழம் இது. சலுகை விலையில் கிடைக்கும் நாளில் வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். வீட்டுத் தோட்டத்தில் மல்பெரிச் செடி வைத்திருப்பவர்கள் காம்போடு உறைய வைக்கலாம். உறைந்த பிறகு காம்பைக் கத்தரிப்பது எளிது. கையிலும் சாயம் ஒட்டாது.

நாவலுக்கு ஒரு தட்டு

பெர்ரி என்றதும் நாம் மகாராஷ்டிரத்தையும் தென்னமெரிக்காவையும் பார்க்கிறோம். நம் ஊர்ச் சாலையோரத்தில் ஆனி, ஆடியில் உதிர்ந்து நசுங்கித் தார்ச்சாலைக்கே ஊதா பூசும் நாவலும் தாவரவியல் கணக்கில் பெர்ரிதான். திருவானைக்காவின் தலமரம் வெண்நாவல். விநாயகர் சதுர்த்திக்கு விளாம்பழத்தோடு படைப்பதும் நாவல்தான். இவ்வளவு பழகிய பழத்தை வருடத்தில் சில வாரம் மட்டும் தின்றுவிட்டு மறந்துவிடுகிறோம். வேறெந்தப் பழத்தையும்விட ஃப்ரீஸர் தேவைப்படுவது நாவலுக்கே என்பேன். இதன் தோல் அவ்வளவு மெல்லியது. மரத்திலிருந்து விழும்போதே அடிபட்டுவிடும், மறுநாளே புளிக்கத் தொடங்கும். இதுவும் பறித்தபின் பழுக்காத இனம். அதனால் கருநீலமாக முழுக்கப் பழுத்ததைத்தான் வாங்க வேண்டும். செந்நிறம் மிச்சமிருந்தால் துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும்.

முழுப் பழமாக வைப்பதானால் ஸ்ட்ராபெர்ரியைப் போலவே கழுவி, உலர்த்தி, தட்டில் பரப்பி, பிறகு கவரில் போடலாம். பாதி உருகிய நிலையில், விறைப்பு முழுவதும் விடுவதற்கு முன் உப்பு தொட்டுத் தின்றால் நடு ஜனவரியிலும் ஆடி மாதம் நாக்கில் வந்து நிற்கும். கொட்டை பெரிது என்பதால் முழுப் பழம் இடத்தை அடைக்கும். சிறிய ஃப்ரீஸர் உள்ள வீட்டுக்குக் கூழாக வைப்பதே சரி. கழுவிய பழத்தை அகலமான பாத்திரத்தில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் தெளித்து, கையால் பிசைந்து கொட்டையைப் பிரித்தெடுங்கள். மிக்ஸியில் போடுவதானால் கொட்டை நீக்கிய பிறகுதான். கொட்டை உடைந்து கலந்தால் கசப்பும் துவர்ப்பும் ஏறிவிடும். கூழைச் சல்லடையில் வடித்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைக் கவரில் சேமித்துக்கொள்ளலாம். இரண்டு கட்டி, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை, சிட்டிகை உப்பு: கோடையில் கடையில் விற்கும் எந்தப் பாட்டில் பானமும் இதன் அருகில் வராது.

பெரிய ஒட்டுரக ஜம்பு நாவலில் சதை அதிகம், கூழுக்கு ஏற்றது. சிறிய நாட்டு நாவலில் சதை குறைவு, ஆனால் மணம் தூக்கலாக இருக்கும். இரண்டும் கிடைத்தால் கலந்துவிடுங்கள். பிசைந்த கையின் ஊதா நிறம் இரண்டு நாள் போகாது, துணியில் பட்டால் போகவே போகாது. பழைய சட்டையோடு உட்காருங்கள்.

நம் வீட்டுப் பெட்டி

வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் மைனஸ் 18 டிகிரியை வைத்துப் பேசுகின்றன. நம் வீடுகளில் உள்ள ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஃப்ரீஸர் பல நேரம் அந்தக் குளிரை எட்டுவதில்லை. ஃப்ரீஸர் பகுதியில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. கதவின் வெளியே ஒட்டியிருக்கும் மின்சிக்கன நட்சத்திரம் வேறு, இது வேறு. ஐந்து நட்சத்திர ஃப்ரிட்ஜ் என்பதால் ஃப்ரீஸர் கடுங்குளிராக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மைனஸ் 18 நிலையாக இருக்கும் பெட்டியில் பழம் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் நல்ல தரத்தில் நிற்கும். மைனஸ் 12இல் ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். மைனஸ் 6 என்றால் சேமிப்பு பற்றியே யோசிக்க வேண்டாம், ஒரு வாரம்தான்.

இன்னொரு எதிரி வாடை. நம் ஃப்ரீஸரில் வஞ்சிர மீன் துண்டும் கோழியும் தேங்காய்த் துருவலும் அரைத்த மசாலாவும் நெருக்கியடித்துக் கிடக்கும். மெல்லிய கேரி பேக்கில் கட்டிய பழம் அத்தனை வாடையையும் வாங்கிக்கொள்ளும். தடித்த ஜிப் லாக் கவருக்குள் வைத்து, அந்தக் கவரையும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். பச்சை மாமிசத்துக்கு மேல்தட்டில் வையுங்கள், கீழே வேண்டாம். கசிவு கீழ்நோக்கித்தான் வரும். காற்றுப்புகாமல் மூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ரீஸரின் வறண்ட காற்று பனியை நேரடியாக ஆவியாக உறிஞ்சும். அப்படி உலர்ந்த பழம் வெளுத்துச் சுருங்கி, தக்கையாகிவிடும்.

பிறகு மின்வெட்டு. 2016இல் வர்தா சென்னையிலும், 2018இல் கஜா டெல்டாவிலும், 2023இல் மிக்ஜாம் மறுபடி சென்னையிலும் நாள்கணக்கில் மின்சாரத்தைப் பறித்தன. அப்போது செய்ய வேண்டியது கதவைத் திறக்காமல் இருப்பது. நிறைந்திருக்கும் பெரிய ஃப்ரீஸர் மூடியே இருந்தால் ஏறத்தாழ இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும். நம் சின்னப் பெட்டிகள் அதற்கும் குறைவாகவே தாங்கும். ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்ததா என்று தெரிந்துகொள்ள எளிய வழி: ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, பனியின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நிம்மதி. அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். மீனையும் கோழியையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பழத்தில் இன்னும் பனி மிச்சமிருக்கும்போதே பார்த்துவிட்டால் திரும்ப உறைய வைக்கலாம், தரம் மட்டும் ஒரு படி இறங்கும். உருகிவிட்டாலும் குளிர் விடாமல் இருந்தால் அன்றே ஜாம் காய்ச்சிவிடுங்கள்.

குளிர் கிருமியைக் கொல்லாது

இதைத் தனியாகவும் அழுத்தியும் சொல்ல வேண்டியிருக்கிறது. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது, அது தவறு. குளிர் கிருமிகளைத் தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். வைரஸ்களுக்கு அது பாதுகாப்பான படுக்கை. 2012இல் ஜெர்மனியின் பள்ளிகளில் ஏறத்தாழ 11,000 பேர், பெரும்பாலும் குழந்தைகள், வாந்தியாலும் பேதியாலும் படுத்தார்கள். நோரோ வைரஸ் கலந்திருந்த, இறக்குமதி செய்யப்பட்ட உறைந்த ஸ்ட்ராபெர்ரிதான் காரணம். 2013, 2014இல் ஐரோப்பாவின் 12 நாடுகளில் 1,400க்கும் மேற்பட்டோருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வந்தது. அதன் பின்னணியிலும் உறைந்த பெர்ரிகளே இருந்தன. பறித்த கையின் சுத்தமும் கழுவிய தண்ணீரின் சுத்தமும்தான் பழத்தின் சுத்தம். பின்லாந்தின் உணவுத் துறை, வெளிநாட்டிலிருந்து வரும் உறைந்த பெர்ரிகளை இரண்டு நிமிடம் கொதிக்க வைத்தோ, ஐந்து நிமிடம் 90 டிகிரியில் சூடாக்கியோ சாப்பிடச் சொல்கிறது.

வீட்டில் நாமே கழுவி வைத்த பழத்துக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. ஆனால் சின்னக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவருக்கும் மருந்தால் எதிர்ப்புசக்தி குறைந்தவருக்கும் கொடுப்பதானால், கடையில் வாங்கிய உறைந்த பெர்ரியைக் கொதிக்க வைத்தே கொடுங்கள். கை கழுவுவது, நல்ல தண்ணீரில் பழம் கழுவுவது, மாமிசம் நறுக்கிய பலகையைப் பழத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பது: இந்த மூன்றில் மட்டும் சமரசம் கூடாது.

எடுத்தபின்

உருக்காதீர்கள். உறைந்த பழத்தைப் பயன்படுத்துவதில் முக்கால்வாசி நுட்பம் இதுதான். மில்க் ஷேக்குக்கு நேராக மிக்ஸியில் போடுங்கள். ஐஸ் கட்டியே வேண்டாம். ஜாமுக்கு நேராக அடிகனமான பாத்திரத்தில் போட்டு, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். உறைந்திருந்த பழத்தில் ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் சற்றுக் குறையும் என்பதால் எலுமிச்சை கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். கேக் மாவில் கடைசி நிமிடத்தில் உறைந்தபடியே கலந்து உடனே ஓவனுக்கு அனுப்புங்கள். ஆப்பசோடா அதிகமானால் ப்ளூபெர்ரியும் நாவலும் பச்சை, நீலம் என்று நிறம் மாறிப் பயமுறுத்தும். அந்த ஊதா நிறமி புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் பச்சையாகும். கெட்டுப்போகவில்லை, சாப்பிடலாம்.

நம் சமையலுக்குள்ளும் கொண்டுவரலாம். மாங்காய்ப் பச்சடி செய்யும் அதே முறையில் புளிப்பான ஸ்ட்ராபெர்ரியை வெல்லம், உப்பு, ஒரு காய்ந்த மிளகாய், கடுகு தாளிப்போடு வதக்கிப் பாருங்கள். மாங்காய் கிடைக்காத மாதங்களில் தயிர்ச்சாதத்துக்கு இது ஒரு நல்ல துணை. வெளுத்த, இனிப்பில்லாத பழம் மாட்டிக்கொண்டால் அதற்கும் இதுவே வழி.

பின்லாந்தில் காட்டில் பழம் பறிக்க யாருக்கும் உரிமை உண்டு. காடு யாருடையதாக இருந்தாலும் நடந்து போய்ப் பறிக்கலாம். ஜூலையில் சதுப்பு நிலங்களில் பொன்னிற கிளவுட்பெர்ரி, ஜூலை, ஆகஸ்டில் காட்டு ப்ளூபெர்ரி, செப்டம்பரில் சிவந்த லிங்கன்பெர்ரி. வாளி வாளியாகப் பறித்து வந்து, இலை சருகு நீக்கி ஃப்ரீஸரை நிரப்புகிறார்கள். நீண்ட பனிக்காலக் காலைகளில் கஞ்சியின்மேல் அந்தப் பழம் விழும். லிங்கன்பெர்ரிக்கு ஃப்ரீஸர்கூடக் கட்டாயமில்லை. அதிலேயே இருக்கும் பென்சாயிக் அமிலம் காக்கும் என்பதால் தண்ணீரில் போட்டுக் குளிர்ந்த அறையில் வைத்தாலே போதும் என்பதை அவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். மிஞ்சியதை ஒதுக்கும் இடமாக அவர்கள் ஃப்ரீஸரைக் கருதுவதில்லை. வருடத்துக்கான சேமிப்பு அது. சித்திரை வெயிலில் வடகமும் வற்றலும் போட்டுப் பானை நிறைத்த நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. எந்தப் பொருள் எந்த வாரத்தில் மலிவு, எந்தப் பதத்தில் எடுக்க வேண்டும், எவ்வளவு உலர வேண்டும் என்று அவர்களுக்குக் கைக்கணக்காகத் தெரிந்திருந்தது. அந்த அறிவை வெயிலிலிருந்து குளிருக்கு மாற்றிக்கொள்வதே இங்கே நம் வேலை.

மகாபலேஷ்வர்ப் பழம் மார்ச்சில் மலிவாகும். நாவல் ஆனியில் தெருவுக்கு வரும். அதற்குள் ஃப்ரீஸரில் பழைய மசாலாப் பொட்டலங்களையும் என்னவென்றே தெரியாத கவர்களையும் அப்புறப்படுத்தி, ஒரு எவர்சில்வர் தட்டு கிடையாக நுழையும் அளவுக்கு இடம் ஒதுக்கி வையுங்கள். பழம் வாங்கிய அன்று மாலையே அந்தத் தட்டு உள்ளே போகட்டும்.